நாற்பது பாட்டிலில் ஒரே எழுத்து

மார்ச் 4

பெறுநர்: வாடிக்கையாளர் புகார்ப் பிரிவின் வேதியியலாளர்

ஐயா,

தங்கள் நிறுவனத்தின் கருப்பு மையை மூன்று ஆண்டுகளாக வாங்கி, மருந்து பாட்டில்கள் மீது பெயரும் அளவும் அச்சிட்டுக் கொடுக்கும் பட்டறை எங்களுடையது. கண்ணாடி பாட்டில்களில் ஒரு குறையும் வந்ததில்லை. ஜனவரியில் மருந்துக் கம்பெனி கண்ணாடியைக் கைவிட்டு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறியது. அன்றிலிருந்து அச்சு நிற்கவில்லை. காய்ந்தபின் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஈரக் கையால் நாலு முறை எடுத்து வைத்தால் எழுத்து கையோடு வந்துவிடுகிறது.

பன்னிரண்டாயிரம் பாட்டில்கள் திரும்பி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஜூன் முப்பதாம் தேதி கம்பெனியின் தர ஆய்வாளர் நேரில் வருகிறார். அன்றும் அச்சு நிற்காவிட்டால் இந்த வேலை எங்கள் கையை விட்டுப் போய்விடும். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் இங்கே வேலை செய்கிறோம்.

மையில் என்ன கோளாறு என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்

பி.கு.: இந்தக் கடிதம் யாருடைய மேசைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். கிடைக்கவில்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பதிவுத் தபால்.


மார்ச் 12

அம்மையீர்,

தங்கள் புகார் கிடைத்தது. தாங்கள் வாங்கிய மையின் மாதிரியைச் சோதித்தோம். ஒட்டும் திறன், காயும் நேரம், கெட்டித்தன்மை எல்லாம் சரியாக உள்ளன. மையில் குறை இல்லை.

பாட்டில்களின் மேல் எண்ணெய்ப் பிசுக்கோ கைரேகையோ இருந்தால் இவ்வாறு நேரலாம். சோப்பு நீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்கு உலர்த்தியபின் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேதியியலாளர், புகார்ப் பிரிவு

பி.கு.: அம்மா எப்படி இருக்கிறாள்?


மார்ச் 20

அண்ணனுக்கு,

'அம்மையீர்' என்று நீ எழுதியதைப் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சிரிக்காதவள் நான் ஒருத்திதான்.

கழுவச் சொல்கிறாய். சோப்பு நீரில் கழுவினோம், வெந்நீரில் கழுவினோம், ஸ்பிரிட்டால் துடைத்தோம், கையுறை போட்டுக்கொண்டு தொட்டோம். உரசினால் பிடிக்குமோ என்று உப்புத்தாள் கூடப் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் கை அழுக்கு என்று முடிவு கட்ட உனக்கு எட்டு நாள் ஆகியிருக்கிறது.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறாய். பிப்ரவரியில் அவளுக்குக் கண்புரை அறுவை நடந்தது. "அவனுக்குச் சொல்ல வேணாம், லீவு கிடைக்காம தவிப்பான்" என்றாள். எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒன்று ஒரு நாளைக்கு ஆறு முறை, இன்னொன்று ஒரே முறை. இரண்டும் ஒரே அளவு வெள்ளை பாட்டில். மூன்றாம் நாள் எழுத்து இரண்டிலும் போய்விட்டது. ஒரே முறை போட வேண்டியதை அவள் இரண்டு நாள் ஆறு முறை போட்டுக்கொண்டாள். கண் தக்காளிப் பழம் மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் சரிசெய்துவிட்டார், இப்போது நன்றாகப் பார்க்கிறாள். ஆனால் அந்த பாட்டிலில் எழுத்தை அடித்தது என் கை, அண்ணா. அடித்த மை உன்னுடையது.

நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தக் கார் ஷெட்டில் இந்தப் பட்டறையைத் தொடங்கினோம். ஏழாம் மாதம் மெஷின் மேல் ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிட்டு நீ வேலைக்குப் போனாய். 'வேலை கிடைத்தது, போகிறேன்.' நான்கு வருடமாக அந்த மூன்று வார்த்தைக்கு நான் பதில் எழுதவில்லை. இப்போதும் எழுதவில்லை. மையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தங்கை


மார்ச் 27

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று வேலை ஓடவில்லை. அம்மாவுக்கு அறுவை நடந்து ஒன்றரை மாதம் கழித்து ஒரு புகார்க் கடிதத்தில் நான் தெரிந்துகொள்கிறேன். இது எனக்குச் சரியான தண்டனைதான். ஆனாலும் நீ சொல்லியிருக்கலாம்.

முதலில் என் தப்பு. உன் மையை நான் சோதித்தது உண்மை. எதன் மேல் பூசிச் சோதித்தேன் தெரியுமா? கண்ணாடித் தகட்டின் மேல். எங்கள் சோதனை விதி அப்படி. உன் கடிதத்தில் 'பிளாஸ்டிக்' என்று தெளிவாக எழுதியிருந்தும் நான் கண்ணாடியை எடுத்தேன். நேற்று ஒரு பிளாஸ்டிக் துண்டில் பூசிப் பார்த்தேன். காய்ந்ததும் நகத்தால் தோல் உரிப்பது போல் உரிந்து வந்தது. என் பிரிவுத் தலைவரிடம் காட்டினேன். மை கண்ணாடிக்கு என்று டப்பாவில் போட்டிருக்கிறது, வாடிக்கையாளர் வேறெதில் அடித்தாலும் நாம் பொறுப்பில்லை, ஃபைலை மூடு என்றார். நான் மூடவில்லை.

மேலே படி, பாதியில் கோபப்படாதே. அந்த ஏழு மாதத்தில் நான் சொன்ன ஒரு வாக்கியத்தைக் கூட நீ முற்றுப்புள்ளி வரை கேட்டதில்லை. 'உன் படிப்பு பேப்பரோடு சரி' என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னாய். சீட்டு எழுதி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். நேரில் சொல்லியிருந்தால் பாதியில் வெட்டியிருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டுதான் சேர்ந்திருக்கின்றன. பங்கு எப்போதும் சமமாக இருப்பதில்லை. ஆக்சிஜன் பேராசைக்காரன், தன் பக்கம் இழுத்துக்கொள்வான். அதனால் அவன் பக்கம் கொஞ்சம் எதிர்மின், கொடுத்தவன் பக்கம் கொஞ்சம் நேர்மின். இதைத்தான் முனைவுத்தன்மை என்று பள்ளியில் படித்தோம். தண்ணீர் மூலக்கூறு நடுவில் வளைந்திருப்பதால் இரண்டு ஹைட்ரஜனும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. அதனால் மூலக்கூறுக்கு ஒரு நேர்மின் பக்கமும் ஒரு எதிர்மின் பக்கமும் உண்டாகிவிடுகின்றன. ஒன்றின் நேர்மின் பக்கம் அடுத்ததின் எதிர்மின் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நம் மை அப்படிப்பட்டது. கண்ணாடியின் மேல்பரப்பும் அப்படிப்பட்டதுதான். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் அதில் நிறைய உண்டு. இரண்டும் பார்த்ததும் கை கோத்துக்கொள்கின்றன. உன் வெள்ளை பாட்டில் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். அவை இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இழுக்கின்றன. மை பற்றிக்கொள்ள அங்கே பிடியே இல்லை. நீ எத்தனை முறை கழுவினாலும் பிடி வராது. உன் கை அழுக்கில்லை. என் மையும் கெட்டதில்லை.

ஒன்று செய். கண்ணாடி பாட்டிலிலும் வெள்ளை பாட்டிலிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்து எழுது. எனக்கு ஐம்பது பாட்டில் அனுப்பு. போனிலும் பேசலாம்.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணா,

போன் வேண்டாம். போனில் நீயும் நானும் ஒரே நேரத்தில் பேசுவோம். எழுது.

உன் கடிதத்தை முற்றுப்புள்ளி வரை படித்தேன். இரண்டு முறை.

கண்ணாடியில் சொட்டு விட்டதும் பரவிப் படுத்துக்கொண்டது. வெள்ளை பாட்டிலில் முத்து மாதிரி உருண்டு நின்றது. சாய்த்தால் ஓடியே போனது. பன்னிரண்டு பேரும் சுற்றி நின்று பார்த்தோம். இத்தனை வருடம் தண்ணீர் பட்டால் துடைப்போமே தவிர, அது எப்படி நிற்கிறது என்று யாரும் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் என்னைக் கவிழ்த்த கேள்வி ஒன்று உண்டு. கார்பன் டெட்ராகுளோரைடில் ஒவ்வொரு பிணைப்பும் முனைவுள்ளது, மூலக்கூறு மட்டும் முனைவற்றது, ஏன்? அன்றைக்கு ஒரு எழுத்து எழுதவில்லை. நேற்று சாப்பிடும்போது விளங்கியது. ஒரு முடிச்சில் நாலு கயிறு கட்டி, நாலு பேர் நாலு திக்கிலிருந்தும் சமமாக இழுத்தால் முடிச்சு அசையாது. இழுவை இல்லாமல் இல்லை, ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது. சரிதானே? சரி என்றால் எனக்கு ஐந்து மதிப்பெண் பாக்கி.

இப்போது முக்கியமான விஷயம்.

போன மாதம் வந்த ஒரு லோடு பாட்டில்களில், பாட்டில் வார்த்தபோது விழுந்த இணைப்புக் கோட்டில் பிசிறு இருந்தது. பிசிறு, மை வடிந்து இறங்கும் ஸ்கிரீன் துணியைக் கிழித்துவிடும். எங்களிடம் தீக்குச்சி என்று ஒருத்தி இருக்கிறாள், ஒல்லி என்பதால் அந்தப் பெயர், வயது ஐம்பதுக்கு மேல். அவள் சின்ன கேஸ் பர்னரால் அந்தக் கோட்டை மட்டும் லேசாகத் தடவி வழவழப்பாக்கினாள். பிறகு எல்லாவற்றையும் போல அச்சடித்தோம். நேற்று அந்த லோடில் நாற்பது பாட்டிலை எடுத்து செலோடேப் ஒட்டி இழுத்தேன். 'கண் சொட்டு மருந்து' என்பதில் எல்லா எழுத்தும் டேப்போடு வந்துவிட்டது. 'சொ' மட்டும் நின்றது. நாற்பதிலும் அதே 'சொ'. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. ஸ்பிரிட்டால் துடைத்தேன், வரவில்லை.

பர்னர் தடவிய கோடு சரியாக அந்த எழுத்தின் அடியில்தான் ஓடுகிறது.

தீக்குச்சி சொன்னாள், "நெருப்பு பட்ட எடத்துல தான் புடிச்சிருக்கு, பாருங்க." நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நெருப்பு பட்டால் ஏன் பிடிக்க வேண்டும்? அதை நீ சொல். மூன்று பாட்டில் இதோடு வருகின்றன.

தங்கை


ஏப்ரல் 13

அடியே,

உன் 'சொ'வை ஆய்வகத்தில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நெருப்பின் நீலப் பகுதியில் ஆக்சிஜன் வெறிகொண்டு அலைகிறது. அது பாட்டிலின் மேல்தோலில் பட்ட கணத்தில், சில ஹைட்ரஜன்களைத் தள்ளிவிட்டு அங்கே தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. பாட்டில் உள்ளே பழைய பாட்டில்தான். மேல்தோலில் மட்டும் பிடி முளைத்துவிட்டது. மை வந்து பற்றிக்கொண்டது. பெரிய தொழிற்சாலைகளில் இதற்கென்றே இயந்திரம் இருப்பதாக நூலகத்தில் படித்தேன். எங்கள் கம்பெனியில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை, எனக்கும்தான். உனக்கும் தீக்குச்சிக்கும் உறைத்தது.

நீ அனுப்பிய பாட்டிலில் கோட்டின் மேல் சொட்டு விட்டேன். படுத்துக்கொண்டது. ஒரு விரல் தள்ளி விட்டேன். உருண்டது.

கயிறு விளக்கம் சரி. ஐந்துக்கு ஐந்து.

பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். அச்சுப் பட்டறையில் பார்த்ததெல்லாம் சோதனை ஆகாது, இந்த வேலையாக ஊருக்குப் போக அனுமதி இல்லை என்றார். அதனால் சொந்த விடுப்பு போட்டிருக்கிறேன். சனிக்கிழமை வருகிறேன். வாசலில் நிற்க வைத்துப் பேசினாலும் பரவாயில்லை. பர்னரை எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் காட்டுவது என்பதைப் பார்த்தாக வேண்டும். அதிகமானால் பாட்டில் சுருங்கிவிடும்.

அண்ணன்


மே 2

அண்ணா,

நீ மறந்துவிட்டுப் போன நீலச் சட்டையைத் தீக்குச்சி துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். முழங்கையில் நீ சுட்டுக்கொண்ட ஓட்டையையும் தைத்துவிட்டாள். நீ வந்த நாலு நாளில் ஒரு முறைதான் சண்டை போட்டோம் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீ சொன்ன ஒரு அங்குல தூரமும் ஒரு நொடியும் சரியாக இருக்கின்றன. கையால் சுற்றினால் ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்று தகராறு வந்தது. பழைய தையல் மெஷின் மோட்டாரைக் கழற்றி ஒரு கட்டை மேல் பொருத்தினேன். பாட்டிலைச் செருகினால் ஒரு நொடியில் ஒரு சுற்று சுற்றும், பர்னர் அசையாமல் நிற்கும். என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளைதான், பார்த்துவிட்டு, "இது சுத்துறதைப் பார்த்தா எனக்கே தலை சுத்துது" என்றார். ஐந்நூறு பாட்டில் அடித்தோம். ஐந்நூறும் டேப்பில் தேறின.

ஐயாயிரம் பாட்டிலை நெருப்பில் காட்டி அடுக்கி வைக்கிறேன். இருந்த ஸ்கிரீன் துணி கிழிந்துவிட்டது, புதுத் துணி வர மூன்று வாரம் ஆகும். வந்ததும் மொத்தமாக அடித்துவிடலாம். ஜூன் முப்பதுக்கு எல்லாம் கையில் இருக்கும்.

தங்கை


ஜூன் 3

அண்ணா,

போய்விட்டது.

துணி வந்தது. ஐயாயிரத்தில் முதல் முந்நூறை அடித்தோம். டேப் ஒட்டி இழுத்தேன். பாதி எழுத்து வந்துவிட்டது. சிலவற்றில் மொத்தமும். அதே நெருப்பு, அதே தூரம், அதே மோட்டார், அதே மை. மருந்துக் கம்பெனிக்கு 'சரியாகிவிட்டது' என்று நானே போன் செய்து சொல்லியிருந்தேன். தீக்குச்சி தன் பர்னரைத்தான் திட்டினாள். இருபத்தேழு நாள் இருக்கிறது.

நீ வந்து காட்டிவிட்டுப் போனது வெறும் வித்தையா? உனக்குத் தெரிந்து நீ எனக்குச் சொல்லாதது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இப்போது சொல்.

தங்கை


ஜூன் 6

தங்கைக்கு,

இருக்கிறது.

ஏப்ரலில் அங்கிருந்து நெருப்பு காட்டிய பத்து பாட்டில்களை எடுத்து வந்தேன். தேதி எழுதி மேசையில் வைத்துத் தினமும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எவ்வளவு அகலம் பரவுகிறது என்று அளந்து குறித்தேன். முதல் நாள் நன்றாகப் பரவியது. ஒரு வாரத்தில் கொஞ்சம் உருண்டது. மூன்றாம் வாரத்தில் நன்றாகவே உருண்டது. தூசி படிந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன்னிடம் வந்து ஜெயித்துவிட்டுப் போன சந்தோஷத்தில் அது தப்பு என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. இது முழுக்க என் தப்பு. உன் கடிதம் வந்த அன்றுதான் அந்த எண்களை வரிசையாகப் பார்த்தேன்.

நெருப்பு போட்ட பிடி நிலையாக நிற்பதில்லை. ஆக்சிஜன் ஒட்டிய நுனிகள் மெல்ல மெல்ல உள்பக்கம் திரும்பிக்கொள்கின்றன. பாட்டில் வார்க்கும்போது உள்ளே கலந்த வழுக்குப் பொருளும் மேலே கசிந்து வருகிறது. மூன்று வாரத்தில் பாட்டில் பழையபடி ஆகிவிடுகிறது. ஆனால் பிடி இருக்கும்போதே மை ஏறிக் காய்ந்துவிட்டால் பிறகு போகாது. உன் நாற்பது பாட்டில் அதற்குச் சாட்சி. காட்டிய அன்றே அடித்தவை அவை.

வழி இருக்கிறது. அந்த ஐயாயிரத்தையும் மறுபடி நெருப்பில் காட்டு. காட்டிய அன்றே அடி. ஒரு நாள்கூடத் தள்ளாதே. ஒவ்வொரு நூறிலும் ஒன்றில் சொட்டு விட்டுப் பார்த்த பிறகே மெஷினுக்கு அனுப்பு.

சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். இனி தெரிந்ததைத் தெரிந்த அன்றே எழுதுவேன்.

அண்ணன்


ஜூன் 30, மாலை

அண்ணா,

உன் கடிதம் வந்த அன்று உன்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பர்னரைப் பற்றவைத்தேன். தீக்குச்சி காட்ட, இன்னொருத்தி சொட்டு விட, நான் அடிக்க, மற்றவர்கள் காயவைக்க, இருபது நாளாக எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. ஐயாயிரத்தையும் முடித்தோம். திரும்பி வந்த பன்னிரண்டாயிரத்தையும் பழைய அச்சைத் துடைத்துவிட்டு மறுபடி அடித்தோம்.

இன்று காலை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். கண்ணாடி போட்ட அம்மா, சிரிக்காத முகம். அடுக்கின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் தானே நூறு பாட்டில் பொறுக்கினார். நாங்கள் எடுத்துக் கொடுத்த எதையும் தொடவில்லை. தண்ணீரில் ஊறவைத்தார். ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒவ்வொன்றையும் ஐம்பது முறை தேய்த்தார். பிறகு பிளேடால் அச்சின் மேல் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி, வெடுக்கென்று இழுத்தார். ஒவ்வொரு டேப்பையும் வெள்ளைத் தாளில் ஒட்டிக்கொண்டே வந்தார். பன்னிரண்டு பேரும் சுவரோடு சுவராக நின்றோம். நாற்பதாவது டேப்பில் நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

நூறு டேப். தாளில் ஒரு கருப்புப் புள்ளி இல்லை.

அந்த அம்மா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதை யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். நான் தீக்குச்சியைக் காட்டினேன், தீக்குச்சி என்னைக் காட்டினாள். எங்கள் அண்ணனும் உண்டு என்று சொன்னேன்.

கண் மருந்து, காது மருந்து, மூக்கு மருந்து மூன்றும் இனி நமக்குத்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் வண்டி தெருமுனை திரும்பும் வரை எல்லோரும் அடக்கிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

தங்கை


ஜூலை 9

தங்கைக்கு,

நேற்று எங்கள் மாதக் கூட்டத்தில் அறிக்கையை வாசித்தேன். முதலில் உன் பெயர், அடுத்து தீக்குச்சியின் பெயர், கடைசியில் என் பெயர். பிரிவுத் தலைவர் குறுக்கிட்டார். "இந்த முதல் பேர் யாரு? என்ன படிச்சிருக்காங்க?"

"பன்னிரண்டாவது. கெமிஸ்ட்ரியில ஃபெயில்," என்றேன்.

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. நான் உன் பாட்டிலையும் ஒரு டேப் சுருளையும் மேசையில் உருட்டிவிட்டேன். ஒவ்வொருவராக ஒட்டி இழுத்துப் பார்த்தார்கள். பிரிவுத் தலைவர் மூன்று முறை இழுத்தார், நகத்தால் வேறு சுரண்டினார். பாட்டில் சுற்றி முடியும்போது யாரும் சிரிக்கவில்லை. இனி மைடப்பாவோடு போகும் குறிப்பில் 'பிளாஸ்டிக்கில் அச்சிடும் முறை' என்று ஒரு பக்கம் சேர்க்கப் போகிறார்கள். அதை நீதான் எழுத வேண்டும் என்று அவரே சொன்னார். புகார்ப் பிரிவில் கண்ணாடித் தகட்டோடு பிளாஸ்டிக் தகடும் வாங்கிவிட்டோம்.

அண்ணன்


ஜூலை 18

அண்ணா,

அந்தப் பக்கத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன். 'முனைவுத்தன்மை' என்று ஒரே ஒரு இடத்தில்தான் போட்டேன். மற்ற இடமெல்லாம் சொட்டு படுத்தால் அடி, உருண்டால் அடிக்காதே என்று இருக்கிறது. உன் ஆட்கள் அதைத் திருத்தக் கூடாது.

பக்கத்து ஊர்களிலிருந்து மூன்று பட்டறைக்காரர்கள் வந்து தீக்குச்சியிடம் பர்னர் பிடிக்கக் கற்றுக்கொண்டு போனார்கள். அவள் பர்னர் தூரம் அளக்கும் ஒரு அங்குலக் கட்டையால் ஆளுக்கு ஒரு தட்டு வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். தொழில் ரகசியத்தை இப்படி வாரி இறைக்கிறாயே என்று உன் மாப்பிள்ளை கேட்டார். எந்த வீட்டிலும் எந்தக் கிழவியும் எழுத்தழிந்த பாட்டிலைப் பார்த்துத் தடுமாறக் கூடாது, அதுதான் எனக்கு வேண்டும் என்றேன். அவர் அடுத்த நாளே அவர்களுக்கு மோட்டார் வாங்கக் கடை காட்டிக்கொடுத்தார்.

மருந்துக் கம்பெனியிலிருந்து இன்று காலை கூப்பிட்டார்கள். மூடியின் மேலும் அச்சு வேண்டுமாம். மூடி வேறு பிளாஸ்டிக், மெல்லியது, நெருப்பில் ஒரு நொடி காட்டினால் வளைந்துகொள்கிறது. முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கு இன்னும் தெரியாது.

இருபது மூடி இதோடு வருகின்றன. நீ அது எதனால் ஆனது என்று பார்த்துச் சொல். நான் இங்கே கால் நொடியில் தொடங்குகிறேன். சீக்கிரம் எழுது, இல்லாவிட்டால் நானே கண்டுபிடித்துவிடுவேன், அப்புறம் அறிக்கையில் உன் பெயருக்கு இடம் இருக்காது.

தங்கை